உள்ளங்கால் நீங்கலாக அனைவரும் க்ஷேமம்

அம்பாசமுத்திரம்,
பரிதாபி வருஷம், மார்கழி மாதம்.

சென்னைப் பட்டணத்தில் வைத்தியம் படிக்கும் என் சகோதரி குமாரன், சிரஞ்சீவி காந்திமதிநாதனுக்கு, தாய்மாமன் அம்பலவாணன் மனப்பூர்வமான ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் உன் அத்தை பிரம்மநாயகி, பசு, கன்று, புதிதாக வைத்த வாழை, என் உள்ளங்கால் நீங்கலாக நான், அனைவரும் க்ஷேமம். உன் தேக ஆரோக்கியத்துக்கும் பரீட்சைக்கும் குறுக்குத்துறை முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துவிடவும். உன் விடுதித் தோழர்களுக்கு வாசித்துக் காட்டினாய் என்று என் காதில் விழுந்தால், நீ பட்டணத்தில் காலையும் மாலையும் காப்பி குடிக்கும் சங்கதி அன்றைய தபாலிலேயே உன் தாயாருக்குப் போகும்.

போன ஆவணியில் நான் உனக்கு எழுதியது ஞாபகம் இருக்கும். ‘எனக்குத் தெரிந்த ஒரு கனவான், வயதானவர், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அவருக்கு உள்ளங்காலில் கூச்சம் அதிகம், இதற்கு உங்கள் சாஸ்திரம் என்ன சொல்கிறது’ என்று கேட்டிருந்தேன். நீயும் பக்கம் பக்கமாகப் பதில் எழுதிவிட்டு, கடைசியில் ‘அந்தக் கனவானுக்கும் அத்தைக்கும் என் நமஸ்காரம்’ என்று முடித்திருந்தாய். இந்தக் குறும்பு உன் தகப்பனார் வழியில் வந்தது. எங்கள் வழியில் கிடையாது. போகட்டும். அந்தக் கனவான் நான்தான். விரல் நுனி பட்டால் போதும், சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வாய்க்கு வருவதற்குள் கால் தானாக ஓர் உதை விட்டுவிடுகிறது. இது என் தாயாருக்குத் தெரியும், அவள் காலமாகிவிட்டாள். உன் அத்தைக்குத் தெரியும், கல்யாணமான புதிதில் என் காலுக்கு எண்ணெய் தேய்க்க வந்து தாவாங்கட்டையில் உதை வாங்கியவள் அவள். வெளியே மூச்சு விடக்கூடாது என்று அன்றைக்கே அவளிடம் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கிவிட்டேன். மூன்றாவதாகத் தெரிந்தவன் நீ. சின்னப் பிள்ளைகள் இந்தக் கூச்சத்துக்கு வேறு ஒரு சொல் சொல்வார்கள், ஒரே சத்தம் இரண்டு தடவை வரும். அதை நான் எழுத மாட்டேன். தாலுகா கச்சேரியில் சிரஸ்தாராக இருந்து, கலெக்டர் துரைக்கே குறிப்பு எழுதிய பேனா இது. கூச்சம் என்று ஒரு கௌரவமான வார்த்தை இருக்கும்போது அந்தக் குழந்தைப் பேச்சு எதற்கு?

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் மகன், உன் அத்தான் ஞானசம்பந்தன், கச்சேரிக் குமாஸ்தா வேலையை உதறிவிட்டுத் தூத்துக்குடியில் சோடாக் கடை வைத்ததும், அதில் எனக்கு இஷ்டமில்லாததும் உனக்குத் தெரியும். ஆனால் நான் தடுக்கவில்லை. கடை திறப்பதற்கு முன் ஒரு பெட்டி நிறைய சோடாப் புட்டிகளோடு ரயிலில் வந்து இறங்கினான். முதல் புட்டியை அப்பா கையால் உடைக்க வேண்டும் என்றான். எனக்கும் மனது இளகிவிட்டது என்றே வைத்துக்கொள். பட்டுத் துண்டைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் என்ன கண்டேன், அவன் மற்றவர்களைப் போல எட்ட நின்று விழுவான் என்று நினைத்தேன். அவனோ நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, இரண்டு கையாலும் என் பாதத்தைப் பிடித்து, விரலை அடியில் கொடுத்துவிட்டான். அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பாளி அல்ல, என் கால்தான் பொறுப்பு. ‘ஹ’ என்று ஒரு சிரிப்பு வெடித்தது, கால் போய் அவன் தோளில் பட்டது, அவன் போய்ப் பெட்டியில் பட்டான், பெட்டி சரிந்தது, புட்டி ஒன்று வேட்டுப் போல வெடித்து அதன் கோலி உருண்டு உருண்டு அடுக்களைக்குள் போயிற்று. கூடியிருந்தவர்கள் பதறி எழுந்தார்கள். நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன், நிறுத்த முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிறது, அவன் என்னை அண்ணாந்து பார்க்கிறான். மகன் தொழில் தொடங்க ஆசீர்வாதம் கேட்டால் உதைத்துத் தள்ளிவிட்டு ஒரு தகப்பன் சிரிக்கிறான் என்றுதான் பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். அவன் மிச்சப் புட்டிகளை அடுக்கிக்கொண்டு அடுத்த ரயிலுக்கே போய்விட்டான்.

கூப்பிட்டு விளக்கம் சொல்லியிருக்கலாமே என்பாய். விளக்கம் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம், சொல்லிப் பழக்கமில்லை. இருந்தும் மனது கேட்காமல், மேலப்பாளையத்து ஜவுளி வியாபாரி காஜா முகைதீன், என் நெடுநாளைய சிநேகிதர், தூத்துக்குடிக்குக் கிளம்பியபோது அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “வே, எம் மவன்ட்ட ஒண்ணு சொல்லும். அவன் காலைத் தொட்டதும் எனக்குக் கூச்சமாப் போச்சு, அதான் அப்படி ஆயிட்டுன்னு சொல்லும்” என்று சொல்லி அனுப்பினேன். இதைவிடத் தெளிவாக ஒருவன் எப்படிச் சொல்ல முடியும்? அவரும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. “பிள்ளைவாள், தம்பி பட்டுன்னு எந்திரிச்சிட்டான். ‘ஓ, அப்பாவுக்கு என்னைக் கண்டா கூச்சமா இருக்கோ? சோடா விக்கவன் தொட்டா கூச்சமோ? சரி, இனிமே தொடல’ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டான். நான் என்னத்தச் சொல்ல?” என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கூச்சம் என்றால் கூச்சம். இதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அன்றிலிருந்து அவன் இந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. தீபாவளி வந்து போயிற்று, உன் அத்தை பலகாரம் சுட்டுவிட்டு அடுப்படியிலேயே அழுதாள். நான் அழவில்லை. ஆனால் அடுக்களையில் கிடந்த அந்தக் கோலியை எடுத்து என் மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், காகிதம் பறக்காமல் இருக்க உதவும் என்று. உருண்டையான சாமான் காகிதத்தின் மேல் நிற்காது என்பது பிறகுதான் தெரிந்தது. இருந்தாலும் அங்கேயே இருக்கிறது.

இப்போது தை மாதத்தில் எனக்கு அறுபதாம் கல்யாணம். நான் பிறந்ததும் ஒரு பரிதாபி வருஷம், சுற்றி வந்து மறுபடியும் நிற்பதும் பரிதாபி வருஷம், என் நிலைமைக்கு ஏற்ற பெயர்தான். சடங்கில் மூத்த மகன் பாதபூஜை செய்ய வேண்டும். அவனுக்கு ஆள் விட்டோம். பதிலும் காஜா முகைதீன் வாயிலாகவே வந்தது. வருவானாம், முறைப்படி காலைக் கழுவுவானாம், ஊருக்கு முன்னால் ஒரு குறையும் வைக்க மாட்டானாம். “ஆனா இந்தத் தடவையும் அப்பா காலை இழுத்துக்கிட்டாகன்னா, மணவடையிலிருந்தே கொழும்புக்குப் போயிருவேன், அங்கன எனக்குக் கடை தயாரா இருக்கு” என்றானாம். உன் அத்தை அதைக் கேட்டுவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் அந்த இடத்திலேயே தீர்மானம் பண்ணினேன். கால் என்னுடையது. ஒரு தாலுகாவையே அடக்கி வைத்த எனக்கு ஒரு கால் அடங்காதா? தைக்குள் இந்தக் கூச்சத்தை ஒழித்துக் கட்டாவிட்டால் என் பெயர் அம்பலவாணன் இல்லை.

உன் பழைய கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். தன் கையால் தனக்குக் கூச்சம் உண்டாகாது, கை கிளம்பும்போதே மூளைக்குத் தெரிந்துவிடும், எதிர்பாராத தொடுகைதான் கூச வைக்கும் என்று நீ எழுதியிருந்ததை நான் நம்பவில்லை. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு மயிலிறகை எடுத்து என் உள்ளங்காலில் நானே தடவினேன். ஒன்றுமில்லை. மேலும் தடவினேன், சுவரைத் தடவினது போல இருக்கிறது. ஆஹா, ஒரே காலையில் குணமாகிவிட்டது என்று உன் அத்தையைக் கூப்பிட்டு அதே இறகைக் கொடுத்தேன். அவள் தொட்டாளோ இல்லையோ, நாற்காலி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் விழுந்தோம். “ஏன் இப்படிச் சின்னப் பிள்ள மாரி துள்ளுதிய? நல்ல வேளை, பல்லு தப்பிச்சிது” என்று அவள் மயிலிறகை மூலையில் போட்டுவிட்டுப் போனாள். மூளையை ஏமாற்றலாம் என்று இறகை ஒரு நூலில் கட்டி, நூலை விட்டத்தில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு நூலை நானே இழுத்தும் பார்த்தேன். எவன் இழுக்கிறான் என்பது அந்தப் பாழும் மூளைக்குத் தெரிந்தே இருக்கிறது.

மெல்லத் தொட்டால்தான் கூச்சம், அழுத்திப் பிடித்தால் இல்லை என்றும் எழுதியிருந்தாய். அது வாஸ்தவம். ஆனால் பாதபூஜையில் என்னென்ன வருகிறது என்று யோசித்துப் பார். பால், தண்ணீர், சந்தனம், குங்குமம், பூ. எல்லாம் மெல்லத் தொடுகிற சாமான்கள். நம் பெரியவர்கள் அதில் ஓர் உலக்கையைச் சேர்த்திருக்கக் கூடாதா? அடுத்தபடியாக, குரங்குகளும் தங்கள் குட்டிகளைக் கூச வைத்து விளையாடும், குட்டிகள் இரைக்க இரைக்கச் சிரிக்கும் என்று பண்டிதர்கள் கண்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். உன் தாய்மாமனையும் பாபநாசத்துக் குரங்கையும் ஒரே பாராவில் வைத்த தைரியத்தை நேரில் வரும்போது விசாரித்துக்கொள்கிறேன்.

எதிராளி தொட வேண்டும், ஆனால் மனிதனாக இருந்தால் மானம் போகும். ஆகவே மீன்களிடம் போனேன். நம் படித்துறையில் காலைத் தண்ணீரில் விட்டால் மீன்குஞ்சுகள் வந்து மொய்க்கும், உனக்கே தெரியும். மார்கழிக் குளிரில், விடிந்தும் விடியாததுமாக, கடைசிப் படியில் உட்கார்ந்து காலைத் தாமிரபரணியில் இறக்கினேன். குஞ்சுகள் ஊர் கூட்டிக்கொண்டு வந்தன. பெருவிரலில் ஒன்று, குதிகாலில் ஒரு கூட்டம். பல்லைக் கடித்தேன், பழைய ஜமாபந்திக் கணக்குகளை நினைத்தேன், செத்துப்போன தாசில்தார்களை நினைத்தேன், நடுப்பாதத்தில் ஒன்று வந்து முத்தமிட்டதும் எல்லாம் பறந்துபோய் ஹஹ்ஹா என்று சிரித்துவிட்டேன். அந்த உதையில் என் பித்தளைச் செம்பு ஆற்றில் விழுந்து மிதந்து போயிற்று, இந்நேரம் முக்கூடல் தாண்டியிருக்கும். குளிக்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “சிரஸ்தார் ஐயா தன்னால சிரிக்காவளே” என்றாள் ஒருத்தி. “பென்சன் வாங்கினா அப்படித்தான், மூளைக்கு வேலை இல்லைல்லா” என்றான் ஒருவன். நான் அசையவில்லை. மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். இப்போது படித்துறையில் ஒரு பக்கம் முழுக்க எனக்கு ஒழித்து விட்டிருக்கிறார்கள், கிட்டத்தில் யாரும் வருவதில்லை. மீன்களை ஜெயித்துவிட்டேன் என்பதை மட்டும் நீ தெரிந்துகொண்டால் போதும்.

மீனுக்குப் பிறகு மனிதன். காஜா முகைதீனிடம் சுளுக்கு என்று பொய் சொல்லி, நூகு என்று ஒரு வஸ்தாதை வரவழைத்தேன். சிலம்பம் பழக்குகிறவன், சுளுக்கு எடுக்கிறவன், கை ஒவ்வொன்றும் முறம் அகலம். அவன் என் காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “எசமான், இதுல சுளுக்கு ஒண்ணும் காணலயே” என்றான். “இருக்கு, அடியில இருக்கு, தேங்காய் நாரை வச்சுத் தேயும்” என்றேன். தேய்த்தான். தோல் போயிற்று, சிரிப்பு வரவில்லை. நாரைப் போட்டுவிட்டு விரலால் லேசாகச் சுரண்டச் சொன்னேன். “எதுக்கு எசமான்?” என்று பயந்து பயந்து சுரண்டினான். அப்போதும் ஒன்றுமில்லை! நான் எழுந்து கூடத்தைச் சுற்றி நடந்தேன், அவ்வளவு சந்தோஷம். அந்நியன் தொட்டால் குழந்தை அலறும், தாய் தொட்டால்தான் சிரிக்கும், நம்பிக்கையுள்ள மனிதர் கையில்தான் கூச்சம் சிரிப்பாக வரும், அதனால் நூகு மாதிரி ஆள் தொட்டுச் சிரிப்பு வராததைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று நீ ஆட்சேபிப்பாய். உன் கடிதத்தில் அப்படி ஒரு பண்டிதர் சொன்னதாக இருக்கிறது. அவருக்கு மீன் மொய்த்த அனுபவம் இல்லை. தாமிரபரணிக் குஞ்சு எனக்கு என்ன உறவு? பாசத்தையும் சிரிப்பையும் கொண்டுபோய் உள்ளங்காலில் முடிச்சுப் போடுகிற சாஸ்திரத்தை நான் ஒப்பவில்லை.

இருந்தாலும் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று நேற்று உன் அத்தையிடமே மறுபடி காலை நீட்டினேன். வாயில் துண்டைத் திணித்துக்கொண்டேன். அவள் மயிலிறகால் தடவினாள், விரலால் தடவினாள், பூவால் தடவினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, உதட்டில் ரத்தம் வந்தது, துண்டு கிழிந்தது. சிரிக்கவில்லை! காலும் அசையவில்லை! “இம்புட்டுக் கஷ்டப்படுததுக்கு அவன்ட்ட ஒரு வார்த்த சொல்லிட்டா என்னவாம்?” என்று கேட்டாள். “சத்தியம் பண்ணியிருக்க, ஞாபகம் இருக்கட்டும்” என்றேன். ஆகவே, மருமகப்பிள்ளாய், உன் மாமன் கூச்சத்தை வென்றுவிட்டான். இந்த உள்ளங்காலில் இனி யார் வேண்டுமானாலும் கோலமே போடலாம். என் மகன் தை மாதத்தில் வருவான், காலைக் கழுவுவான், நான் சிலையாக உட்கார்ந்திருப்பேன், அவன் கப்பல் ஏற மாட்டான். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவன் கொழும்புக்குப் போய்விட்டால் இந்த அறுபது எனக்கு எதற்கு?

முன்ஜாக்கிரதையாக ஒரே ஒரு உபகாரம். உங்கள் ஆஸ்பத்திரியில் பல் பிடுங்குவதற்கு முன் மரத்துப் போகத் தடவுகிற மருந்து ஒன்று இருக்கிறதாமே, அதில் இரண்டு காலுக்கும் காணும்படியாக ஒரு புட்டி வாங்கித் தபாலில் அனுப்பவும். கேட்டால் மாட்டுக்கு என்று சொல். நீ சடங்குக்கு வர வேண்டியதில்லை, பரீட்சைக்குப் படி. உனக்குத் தீர்க்காயுசும் நல்ல புத்தியும், அடக்கமான எழுத்தும் உண்டாகட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் தாய்மாமன்,
அம்பலவாணன்,
ஓய்வு பெற்ற சிரஸ்தார்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து ஒட்டப் போகும்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ஞானசம்பந்தன். சடங்குக்கு வருகிறவர்களுக்கு என்று நாலு பெட்டி சோடாவோடு, காஜா முகைதீனையும் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறான். நான் இதே நாற்காலியில், கையில் பேனாவோடு இருந்தேன். “அப்பா, சபைக்கு முன்னால வேண்டாம். இழுக்கதா இருந்தா இப்பமே இழுத்துருங்க, நான் தெரிஞ்சுக்கிடுதேன்” என்று சொல்லிக்கொண்டே விழுந்து பாதத்தைத் தொட்டுவிட்டான். ஜமாபந்தியை நினைக்கவும் நேரமில்லை, துண்டைத் தேடவும் நேரமில்லை. மீனை வென்ற கால், நூகுவை வென்ற கால், என் மகன் கை பட்டதும் துள்ளிப் போய் அவன் நெஞ்சில் பட்டது. நான் சிரித்த சிரிப்பில் பசு கயிற்றை அறுத்துக்கொண்டது. அவன் முகம் வெளுத்துவிட்டது. “இன்னும் கூச்சமாத்தான் இருக்கோ அப்பா?” என்றான். “ஆமாலே, கூச்சந்தான், கூச்சந்தான்!” என்று சிரிப்புக்கு நடுவே நான் கத்தக் கத்த, அவன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து வண்டிப் பக்கம் திரும்பிவிட்டான். அப்போதுதான் உன் அத்தை அடுக்களையிலிருந்து கையில் கரண்டியோடு ஓடி வந்து, கற்பூரச் சத்தியத்தைக் காற்றில் விட்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். “ஏலே மடையா, நில்லுலே! வெக்கக் கூச்சம் இல்லலே, கிச்சுகிச்சு! ஒங்கப்பாவுக்கு உள்ளங்கால்ல கிச்சுகிச்சுலே!”

எழுதிவிட்டேன். பேனா ஒன்றும் உடைந்துவிடவில்லை.

காஜா முகைதீன் தலையில் கை வைத்துக்கொண்டு, “அடப் பாவி மனுசா, அந்தக் கூச்சமா? நான் அவமானம்னுல்லா நெனச்சுப் போய்ச் சொன்னேன்! இத மொதல்லயே சொல்லப்படாதா வே?” என்றார். இவ்வளவு நாளும் ஒரே சொல்லை நான் ஓர் அர்த்தத்தில் அனுப்ப, மகன் வேறு அர்த்தத்தில் வாங்கியிருக்கிறான் என்பது எனக்கும் அப்போதுதான் விளங்கிற்று. ஞானசம்பந்தன் நம்பாதவனைப் போலத் திரும்பி வந்து, பைய உட்கார்ந்து, ஒற்றை விரலை நீட்டி என் பாதத்தை லேசாகத் தொட்டுப் பார்த்தான். ஹஹ்ஹா! மறுபடி தொட்டான். ஹஹ்ஹஹ்ஹா! “அப்பா சிரிச்சு நான் பாத்ததே இல்லையே” என்று சொன்னவன் அழுதுவிட்டான். நானும் அழுதேன், சிரித்துக்கொண்டே அழுவது எப்படி என்று உன் பண்டிதர்களைக் கேட்டு எழுது. தன்னவர் கை பட்டால்தான் அது வரும் என்று சொன்னாரே அந்த ஒருவர், அவருக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லவும். மீன் விஷயத்தில் அவர் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே மேலே எழுதிய யாவும் ரத்து. மருந்து அனுப்ப வேண்டாம். உன் அத்தை, வந்தால் சாக்கடையில் ஊற்றிவிடுவதாக இருக்கிறாள். பாதபூஜை முழுக்க நான் சிரிக்கப் போகிறேன் என்று குருக்களிடம் இப்போதே சொல்லி அனுப்பியாயிற்று, அவர் முகத்தைச் சுளித்தாராம், சுளிக்கட்டும். சபையில் யாருக்கும் உதை விழாமல் வலது காலைப் பிடித்துக்கொள்ள நூகு சம்மதித்துவிட்டான். இடது காலுக்கு ஆள் இல்லை. பரீட்சையாவது ஒன்றாவது, நீ புறப்பட்டு வா.